விசில் அடைத்துக்கொண்ட நாள்

முட்டுவிளைக்கு அப்பால் ரோடு கிடையாது. டவுனிலிருந்து வருகிற பஸ் வேப்பமரத்தைச் சுற்றித் திரும்பி நிற்கும். அந்தப் பக்கம் முழுக்கத் தேரி, சிவப்பு மணல், காற்றடித்தால் இன்றைக்கு இங்கே இருக்கிற மேடு நாளைக்கு வேறு இடத்தில் இருக்கும். உப்பளம் நன்றாக ஓடிய காலத்தில் லோடும் ஆளுமாக இது பெரிய இடம், டைம் ஆபீஸே இருந்தது, அதில் டைம் கீப்பராக உட்கார்ந்தவன் நான். பேர் மாசானமுத்து. ஊருக்கு நான் டைமு. நான் விசில் அடித்தால் பஸ் புறப்படும், அடிக்காமல் புறப்படாது, யாருக்காகவும் அடிக்காமல் இருந்ததும் இல்லை. ஒரே ஒருநாள் விசில் அடைத்துக்கொண்டு வண்டி லேட்டானது. அது விசிலின் தப்பு.

நடந்ததைச் சொல்கிறேன். ஏன் நடந்தது என்று கேட்டால் எழுந்து போய்விடுவேன்.

நான் ரிட்டயர் ஆகி, டைம் ஆபீஸையும் மூடிவிட்ட பிறகு, ஒரு ஆடி மாதத்தில், காற்று மணலை அள்ளி எல்லார் சோற்றிலும் போட்டுக்கொண்டிருந்த மத்தியானத்தில், பஸ்ஸின் கடைசி சீட்டில் ஒரு மஞ்சள் பை தனியாக உட்கார்ந்து வந்தது. கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுக் கொடுப்பார்களே அதே பை, ஆனால் பெண் பேர் மாப்பிள்ளை பேர் எதுவும் அச்சடிக்காத பை. கண்டக்டர் இசக்கி “யாரு பை, யாரு பை” என்று தொண்டை வறளக் கத்தினான். ஒருவரும் வரவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற ஞானசிகாமணி வாத்தியார் அதைச் சும்மா தள்ளிவைக்கத் தூக்கினார். டவுனில் எவனோ அவர் காலில் விழுந்து “சார், உங்ககிட்டப் படிச்சவன்” என்று சொல்லியிருக்கிறான், அவன் பேர் வாத்தியாருக்கு வரவில்லை, அதற்காக ஒரு வாரமாகத் தாடையைச் சொறிந்துகொண்டு ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தார். தூக்கிய பையை அவர் கீழே வைக்கவில்லை. நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார், வாயைப் பிரித்தார், உள்ளே ஒன்றுமில்லை, சாக்பீஸ் வாசனையும் கொய்யாக்காய் வாசனையும் வந்ததாகப் பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். “பால்துரை! கடைசி பெஞ்சு பால்துரை!” என்று வாத்தியார் கூவினார். பை அவர் கையிலேயே மெலிந்து, மெலிந்து, இல்லாமல் போனது.

ஊர் ஆச்சரியப்பட்டதாக நினைக்க வேண்டாம். ஊர் கேட்ட முதல் கேள்வி, இதற்கு லக்கேஜ் டிக்கெட் உண்டா கிடையாதா.

“ஆளில்லாம வந்தா லக்கேஜ்தான்” என்றான் இசக்கி.

“கிழிஞ்சுது” என்றார் டிரைவர். “ஊர்க் கெழடு முழுசும் தினம் மறக்கும். நீ டிக்கெட் கிழிச்சே கை ஓஞ்சிருவ.”

பஞ்சாயத்துத் தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு யோசித்தார். ஆள் தூக்கிக்கொண்டு வந்த சாமானுக்குத்தான் டிக்கெட், இது ஆளுக்குள்ளே இருந்த சாமான், ஆளுக்குள் இருப்பதற்குத் தனி டிக்கெட் எந்த பஸ்ஸிலும் கிடையாது என்று தீர்ப்பு சொன்னார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அப்புறம் தினமும் பை வந்தது. தொம்மையின் டீக்கடைக்கு வெளியே ஒரு பெஞ்சு போட்டு, பைகளை அதில் வரிசையாக உட்காரவைத்தார்கள். மறந்தவர்கள் வந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்கள். என்ன மறந்தோம் என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. ஆனால் கையில் எடுத்ததும் இது என்னுடையது, இது இல்லை என்று அநேகமாகத் தெரிந்துவிடும். பஸ்ஸுக்குள் வைத்துப் பிரிக்கக் கூடாது, பிரித்துவிட்டு வீட்டில் போய் அழ வேண்டும், பெஞ்சில் உட்கார்ந்து அழுதால் டீ குடிக்க வருகிறவனுக்கு இடமிருக்காது என்று ஊர் தானாகவே ஒழுங்கு வைத்துக்கொண்டது. காலேஜ் படிக்கிற பிள்ளைகள் மறந்தது அடுத்த ட்ரிப்பிலேயே வந்துவிடும். எங்கள் வயசுக்காரர்கள் மறந்தது மெதுவாக வரும், நாலு நாள் கழித்து வரும், எதற்காகத் தேடினோம் என்பதே மறந்த பிறகு வரும். பை தொலைவதில்லை. வருகிற வழியைத்தான் தேரி மணல் கொஞ்சம் கொஞ்சமாக மூடுகிறது, பஸ் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. இன்னொன்றும் ஊர் கவனித்தது. சைக்கிள் ஓட்டுவது, வேட்டி கட்டுவது, முறுக்குப் பிழிவது, இந்த மாதிரி சங்கதிகளுக்கு ஒரு பையும் வந்ததில்லை. கையில் இருப்பதைத் தலை தொலைக்க முடியாது போலிருக்கிறது.

பை மாறிப் போவதும் உண்டு. எல்லாம் ஒரே மஞ்சள்தானே. எண்ணெய்க்கடை கனகமணி வேறு யாருடையதையோ பிரித்துவிட்டு, கொடைக்கானலில் மழையில் நனைந்தேன், குதிரையில் ஏறினேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். அவள் புருசன் அவளை மணியாச்சி ஜங்ஷன் தாண்டிக் கூட்டிப்போனதில்லை. ஆனாலும் அவன் மறுக்கவில்லை. செலவில்லாமல் போய்வந்துவிட்டாள் என்று விட்டுவிட்டான்.

எனக்கு இந்தப் பைகளைப் பிடிக்காது. நேரம் காலம் இல்லாமல் வருகிற எதையும் எனக்குப் பிடிக்காது. ஆனால் தினமும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன், ஏனென்றால் என் பெண்டாட்டி தங்கபுஷ்பம் மறக்க ஆரம்பித்திருந்தாள்.

முதலில் சில்லறை. வெந்தயத்தைக் கையில் வைத்துக்கொண்டு இது பேர் என்ன என்பாள். பக்கத்து வீட்டு அன்னபாக்கியத்தை யாரோ ஒருத்தி என்பாள். காலையில் கேட்டதை மத்தியானம் கேட்பாள், மத்தியானம் கேட்டதைச் சாயங்காலம் கேட்பாள், நான் எரிந்து விழுவேன். பழைய கதை மட்டும் கல்லு மாதிரி நின்றது. சத்துணவுக் கூடத்தில் அவள் சமைத்த காலம், எத்தனை பிள்ளைக்கு எவ்வளவு பருப்பு, பிறந்த ஊர் மேலப்புளியடியில் அவள் ஐயா, அவளைப் பெற்றவர், வளர்த்த மாட்டின் சுழி, எல்லாம் கேட்காமலே சொல்வாள். ஒருவரும் எடுக்காமல் பெஞ்சில் மிஞ்சிய பைகளை அவளுடையது என்று நான் கொண்டுவருவேன். அவள் பிரித்து மோந்து பார்த்து, “ஆமா, வெந்தயம்” என்று சிரிப்பாள். அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் காலையில் குளித்துவிட்டு வந்து நின்றேன். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தவள் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். வேற்று ஆள் வந்தால்தான் அவள் அப்படிச் செய்வாள்.

“அண்ணாச்சி யாரைப் பாக்கணும்?”

“என்னட்டி கேள்வி இது?”

“ஏட்டி பூட்டின்னுல்லாம் பேசப்படாது. ஆம்பளையாள் இல்லாத வீடு. வெளியே உக்காருங்க, காப்பி தாரேன்.”

முருங்கை மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். காப்பி வந்தது. கருப்பட்டி கம்மியாக, சுக்குத் தூக்கலாக, நான் குடிக்கிற பக்குவத்தில் அச்சாக இருந்தது. கை மறக்கவில்லை. அவள்தான் மறந்திருந்தாள்.

அன்னபாக்கியம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரி. உள்ளே வந்து, “மைனி, இது உங்க பெரியப்பா மவன். கொஞ்ச நாளைக்கு இங்கதான் இருப்பாரு” என்றாள்.

“பெரியப்பா ஜாடை இல்லியே.”

“அம்மை ஜாடை.”

“மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்காரு?”

“பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான் மைனி.”

இப்படியாக என் வீட்டில் நான் விருந்தாளி ஆனேன்.

எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி புருசனைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். “இஞ்சேருங்க” என்பாள். வாழ்நாள் முழுக்க அந்த ஒரு வார்த்தைக்கு நான் “என்ன” என்று பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறேன். இப்போது அவள் சோறு போடும்போது “அண்ணாச்சி, குழம்பு விடட்டா” என்றாள். எனக்குக் குழம்பு வேண்டாம். அந்த வார்த்தை வேண்டும். அதற்காகத்தான் பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்தேன். இவ்வளவு வருசத்து ஆளை மறந்திருக்கிறாள், பை சின்னதாக இருக்காது, என்றைக்காவது வந்துதான் ஆக வேண்டும்.

“அண்ணாச்சி, இன்னைக்கும் உங்களுக்கு இல்லை” என்று இசக்கி இறங்கும்போதே சொல்லிவிடுவான்.

“உன்னைக் கேட்டேனா? போய்ச் சோலியப் பாரு.”

தொம்மை கடைக்குள்ளிருந்து சிரிப்பான். இந்தத் தொம்மைக்கும் எனக்கும் ஆகாது. கல்யாணம் பண்ணாத கட்டை. நான் விசில் அடித்த காலத்தில் அவன் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவன் எல்லாம் கிளாஸைக் கவிழ்த்துவிட்டு ஓடுவான். “என் டீயை மண்ணுல ஊத்த வச்ச பாவி” என்று அப்போதிருந்தே என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறான். நான் அவன் டீயைக் கழுநீர் என்பேன். மற்றபடி சண்டையில்லை.

ஒருநாள் நான் லேட். தங்கபுஷ்பம் உப்புமாவை இரண்டாம் தடவையும் வைத்தாள். முதல் தடவை வைத்தது அவளுக்கு நினைவில்லை, வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தின்றுவிட்டுப் போய்ச் சேர்ந்தபோது பஸ் வந்து திரும்பிப் போயிருந்தது. பெஞ்சு காலி.

மறுநாள் போய் உட்கார்ந்தேன். பஸ் வந்து நின்றது, ஏறுகிறவர்கள் நல்ல கூட்டம். தொம்மை டீயை என் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனான். நான் பஸ்ஸின் கடைசி சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்குள்ளிருந்து குரல் வந்தது.

“இஞ்சேருங்க, டீ ஆறுதுல்லா.”

பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. இசக்கி தரையில் உட்கார்ந்து சிரித்தான். தொம்மை ஒரு கையில் வடிகட்டியோடு, இன்னொரு கையால் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு நின்றான்.

“என்னவே சொன்னீரு?” என்றேன்.

“தெரியலவே டைமு. தானா வருது.” கையை எடுத்தான். “அந்த ஊதாச் சட்டையத் தூரப் போடும்னு எத்தன வருசமாச் சொல்லுதேன்.”

“நீரு எப்பவே சொன்னீரு?”

“சொல்லலியா?” அவனுக்கே குழப்பமாக இருந்தது. “நேத்தும் எடது பக்கமாப் படுத்தீரா? தோள் வலிக்குமே. கால்ல எண்ணெய் தேச்சீரா?”

நான் எழுந்து அவன் சட்டையைப் பிடித்தேன். அவன் தள்ளவில்லை. மெதுவாகச் சொன்னான்.

“நேத்து ஒரு பை வந்துது. நல்ல கனம். எங்க அம்மை மொகம் எனக்கு மறந்து வருசக்கணக்காச்சு, இது அவளாத்தான் இருக்கும்னு நெனச்சேன். தூக்கும்போதே நெஞ்சு அடைச்சுது. மாதாவேன்னு பிரிச்சேன்.” வடிகட்டியைக் கீழே வைத்தான். “உள்ள நீரு.”

கனமான பையைக் கண்டால் எவனுக்கும் அது தன்னுடையது என்றுதான் தோன்றும். அது எனக்கு இப்போது புரிகிறது. அன்றைக்குப் புரியவில்லை.

“திருப்பிக் குடும்வே.”

“எப்படிக் குடுக்க? வாந்தி எடுக்கவா?”

ஊர் கூடியது. பை கரைந்துவிட்டது, சரக்கு தொம்மையின் தலைக்குள் இருக்கிறது. தொம்மை அதை மறந்தால் அது மறுபடி பையில் ஏறி வரும், வந்தால் இந்தத் தடவை உரியவளிடம் சேர்த்துவிடலாம். ஆகவே தொம்மை மறக்க வேண்டும். அவனும் சம்மதித்தான். வேப்பமரத்தடியில் கண்ணை மூடிக்கொண்டு, மறக்கிறேன் மறக்கிறேன் என்று உட்கார்ந்தான். கண்ணைத் திறந்ததும், “சவம், முன்னவிடப் பளிச்சின்னு தெரியுது. வேட்டி நுனிய வாயில கடிச்சுக்கிட்டு பெல்ட்டு மாட்டுவீரு” என்றான்.

வாத்தியார் வேறு வழி சொன்னார். மறக்கணும் என்று உட்கார்ந்தால் மறக்காது, புதுசு புதுசாக உள்ளே போட்டு நெருக்கினால் பழசு வெளியே போகும். ஊருக்கு அது நியாயமாகப் பட்டது. காற்றாலை வேலைக்கு வந்திருந்த வடக்கத்திப் பையன்கள் தொம்மைக்கு இந்தி சொல்லிக்கொடுத்தார்கள். அன்னபாக்கியம் புள்ளிக்கோலம் சொல்லிக்கொடுத்தாள். மாதா கோயிலில் மணியடிக்கிற கோயில்குட்டி வேதாகமச் சங்கீதப் புத்தகத்தைத் தலையணை மாதிரி கொண்டுவந்து வைத்துப் பாடம் பண்ணச் சொன்னார், இசக்கி செல்போனில் சீட்டாட்டம் பழக்கினான், டிரைவர் டவுனுக்குப் போகிற வழியில் உள்ள அத்தனை ஸ்டாப்பையும் தலைகீழாக ஒப்பிக்கச் சொன்னார். தொம்மையும் டீயை ஆற்றிக்கொண்டே எல்லாவற்றையும் படித்தான், பள்ளிக்கூடத்துக்கே போகாத ஆள், கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தான். என்ன பிரயோஜனம். காலையில் படித்த இந்தி நாலாம் நாள் பையில் வந்தது. கோலம் பையில் வந்தது. சங்கீதம் மூன்று பையாக வந்தது. புதுசு எதுவும் அவன் தலையில் தங்கவில்லை, பழசு எதுவும் அசையவில்லை. டீக்கடை பெஞ்சு முழுக்க அவன் பைகளே உட்கார்ந்திருந்ததால் மற்றவர்களுக்கு இடமில்லாமல் போய், ஊர் அந்த முயற்சியைக் கைவிட்டது.

நான் தினமும் போனேன். மறந்துவிட்டானா என்று பார்க்கத்தான் போகிறேன் என்று சொல்லிக்கொண்டேன்.

“மறந்துதா?”

“இல்லவே.”

“என்ன இருக்கு அதுல?”

அவன் சொல்வான். வாடிக்கையாளர் வந்தால் நிறுத்துவான், போனதும் விட்ட இடத்திலிருந்து சொல்வான்.

“கோவம் வந்தா சாப்பிடாம எந்திச்சுப் போவீருல்லா. அவ சோத்தை மூடி வச்சிட்டு அடுப்படியில நின்னு சிரிப்பா.”

“எதுக்குச் சிரிக்கணும்?”

“செருப்ப விட்டுட்டுல்லா போவீரு. வெயில்ல மணல் சுட்டா திரும்பி வருவீர்னு அவளுக்குத் தெரியும்.”

நான் டீயைக் குடித்தேன்.

“எம்மேல கோவம் இருக்கா அதுல?”

“நெறைய இருக்கு. அதெல்லாம் தனியா அடுக்கி வச்சிருக்கா, பொங்கலுக்கு மட்டும் எறக்கி வெளக்குற பாத்திரம் மாதிரி.” கிளாஸைக் கழுவினான். “வே டைமு, ஒண்ணு சொல்லுதேன். எனக்கு இது போவணும்னு ஆசையில்ல. எனக்காவ ஒருத்தி வாசலப் பாத்துக்கிட்டு நின்னது கிடையாது. இப்ப நின்ன மாதிரி இருக்கு. நிக்கிறது நான்தான், பாக்கிறது உம்மத்தான். ஆனாலும் நல்லாருக்கு.”

அவனைத் திட்ட வார்த்தை தேடினேன். அகப்படவில்லை. நாலு நாள் கழித்துப் பையில் வந்தாலும் வரும் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் ஒருநாள் அவன்தான் ஆரம்பித்தான். “அந்த விசில் சங்கதியும் இருக்கு.”

“எந்த விசில்?”

“அடைச்சுதுன்னு ஊரெல்லாம் சொல்லுவீரே.”

அது ஊருக்கே தெரிந்த கதை. என் சர்வீஸில் ஒரே ஒரு வண்டி லேட்டானது, விசிலுக்குள் மண் அடைத்துக்கொண்டது, டிப்போவுக்கு எழுதிப்போட்டுப் புது விசில் கேட்டேன், வரவில்லை. இதை நான் சொல்லாத ஆள் கிடையாது.

“அவ ஐயாவுக்கு இழுத்துக்கிட்டு கெடக்குன்னு ஆள் வந்து சொல்லிச்சு” என்றான் தொம்மை. “சத்துணவுக் கூடத்துலேர்ந்து ஓடி வாரா. கையில கரண்டி, கீழ போட மறந்துட்டா. இந்த வண்டிய விட்டா அடுத்தது சாயங்காலம், மூச்சு நிக்கதுக்குள்ள போய்ச் சேர முடியாது. அப்ப அவ உமக்கு யாருமில்ல. நீரு விசில வாயில வச்சிட்டீரு. அவள பாத்தீரு. எடுத்தீரு. ஒதறினீரு, மேசையில தட்டினீரு, தீக்குச்சியக் குடுத்துக் கொடைஞ்சீரு. அவ படியில கால வைக்கிற வரைக்கும் கொடைஞ்சீரு.”

“மண் அடைச்சிருந்தது.”

“அடைக்கலவே. அவ பாத்தா. ஏறும்போது கேட்டா, ‘விசில் சரியாயிட்டா’ன்னு. நீரு மொகத்தத் திருப்பிக்கிட்டீரு. காது செவந்துட்டு. அதுக்கப்புறம்தான் அவ உம்மையே கட்டிக்கிடுதேன்னு வீட்டுல சொன்னா.”

“வே, நான் யாருக்காகவும் பஸ்ஸை நிறுத்தினவன் கிடையாது.”

“நானும் அன்னைக்குக் கடையிலதான் நின்னேன். அடைச்சிருக்குன்னுதான் இத்தன வருசமா நானும் நெனச்சேன். இப்ப எனக்கு ரெண்டும் இருக்கு, எங்கண்ணால பாத்ததும் அவ கண்ணால பாத்ததும்.” துண்டால் கையைத் துடைத்தான். “அவ கண்ணுதான் கிட்ட இருந்துது.”

வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்து பழைய விசிலை எடுத்தேன். ஊதினேன். தேரியில் மேய்ந்த ஆடு தலையைத் தூக்கியது. அடுப்படியிலிருந்து தங்கபுஷ்பம், “அண்ணாச்சி, சின்னப்புள்ளையா நீங்க” என்றாள்.

உட்கார்ந்து யோசித்தேன். உதறியது ஞாபகம் இருந்தது. மேசையில் தட்டியது இருந்தது. தீக்குச்சி உடைந்தது கூட இருந்தது. மண் வெளியே விழுந்த ஞாபகம் மட்டும் இல்லை. எத்தனை தடவை தேடினாலும் இல்லை. இதற்குப் பை வருமா என்று நாலைந்து நாள் பார்த்தேன். வரவில்லை. மறந்தால் பை வரும். மாற்றி வைத்துக்கொண்டால் வராது போலிருக்கிறது.

பிறகு ஒரு மத்தியானம். பஸ்ஸில் ஆள் ஏறிக்கொண்டிருந்தது. நான் பெஞ்சில் இருந்தேன். ஊர்ப் பக்கத்து ரோட்டில், வெயிலில், கையைத் தூக்கிக்கொண்டு யாரோ வருவது தெரிந்தது. ஓடுகிற மாதிரி உடம்பு முன்னால் சாய்ந்திருந்தது, கால் ஓடவில்லை, ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. தங்கபுஷ்பம். தூக்கிய கையில் கரண்டி. பின்னால் அன்னபாக்கியம், “மைனி, மைனி, உங்க ஐயா போய்ச் சேந்து எம்புட்டு வருசமாச்சு” என்று கெஞ்சிக்கொண்டே வந்தாள். அது அவள் காதில் ஏறவில்லை.

இசக்கி படியில் தொற்றிக்கொண்டு விசிலை வாயில் வைத்தான்.

நான் எப்படி எழுந்தேன் என்று தெரியாது. அவன் வாயிலிருந்து விசிலைப் பிடுங்கினேன்.

“அண்ணாச்சி! எச்சி!”

“அடைச்சிருக்கு.”

“இப்பதான ஊதினேன்? நல்லாத்தான் இருக்கு.”

“அடைச்சிருக்குன்னா அடைச்சிருக்கு.” உதறினேன். பஸ்ஸின் தகரத்தில் தட்டினேன். தொம்மை கடைக்குள்ளிருந்து ஒரு தீப்பெட்டியை எறிந்தான். குச்சியை எடுத்துக் குடைந்தேன்.

உள்ளே ஒருவன், “வாயால சொன்னா டிரைவர் எடுக்க மாட்டாரா?” என்றான்.

டிரைவர் ரோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என்ஜினை அணைத்தார். “விசில் இல்லாம வண்டிய எடுக்கப்படாது. ரூல்” என்றார்.

அவ்வளவு நேரம் ஒரு வண்டி அங்கே நின்றதில்லை. அன்றைக்கு அவள் ஓடி வந்தாள், எனக்கு ஒரு குச்சி போதுமாக இருந்தது. இப்போது குச்சி குச்சியாக உடைந்துகொண்டிருந்தது. பஸ்ஸில் ஒரு குழந்தை அழுது ஓய்ந்தது, யாரோ வெற்றிலை மடித்தார்கள், ஜன்னலோரம் இருந்தவர்கள் தலையை வெளியே நீட்டி அவள் நடையைப் பார்த்தார்கள். அவள் வந்துகொண்டே இருந்தாள்.

வந்துவிட்டாள். “ஐயாவுக்கு முடியலியாம்” என்று பஸ்ஸுக்குப் பொதுவாகச் சொன்னாள். படியில் ஒரு காலை வைத்தாள். கம்பியைப் பிடிக்கும்போது என் கையைப் பார்த்தாள். விசில், தீக்குச்சி, குடைகிற விரல். அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“விசில் சரியாயிட்டா?”

மண் அடைத்திருந்தது என்றுதான் வாய் வரை வந்தது.

“விசிலுக்கு ஒண்ணுமில்ல” என்றேன். “அன்னைக்கும் ஒண்ணுமில்ல.”

“தெரியும்” என்றாள்.

படியிலிருந்து காலை எடுத்தாள். எங்கே போகப் புறப்பட்டோம் என்பது அவளை விட்டுப் போயிருந்தது, அது முகத்தில் தெரிந்தது. வேறு ஏதோ வந்திருந்தது, அதுவும் தெரிந்தது.

“இஞ்சேருங்க, இதைப் பிடிங்க. கை ஓயுது.”

கரண்டியை வாங்கிக்கொண்டேன். சாம்பார் முழங்கை வரைக்கும் வழிந்தது. இசக்கி என் கையிலிருந்து விசிலை எடுத்துத் துடைத்து ஊதினான். தொம்மை கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் இதைப் பார்ப்பது மூன்றாவது தடவை. “ரெண்டு பேரும் வெயில்ல நிக்காதீங்க” என்று மட்டும் சொன்னான், யார் குரலில் சொன்னான் என்று தெரியவில்லை.

மறுநாள் காலையில் அவள் என்னை “அண்ணாச்சி யாரு” என்று கேட்டாள். பெரியப்பா மகன் என்றேன். ஜாடை இல்லையே என்றாள். காப்பி தந்தாள். குடித்துவிட்டு வந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தேன்.

மத்தியானப் பஸ் இப்போது அடைப்பு எடுத்த பிறகுதான் புறப்படுகிறது. கரண்டி சில நாள் வரும், சில நாள் வராது. வராத நாளிலும் டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டுக் கொஞ்சம் ரோட்டைப் பார்க்கிறார், டவுனுக்குப் போகிறவர்கள் அதற்குத் தக்கபடி குளித்துவிட்டு வருகிறார்கள், இசக்கி விசிலை நான் கேட்காமலே கொடுத்துவிடுகிறான், தொம்மை தீப்பெட்டியைப் பெஞ்சிலேயே வைத்துவிடுகிறான். வண்டி எத்தனை மணிக்கு எடுக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் என்னிடம் கேட்கிறார்கள்.

நான் மணி பார்ப்பதில்லை.